பிராவோவின் அறையில் இருந்த தண்ணீர்க் குடுவை

1876இல் லண்டனில் விஷத்தால் இறந்த சார்ல்ஸ் பிராவோ என்ற வழக்கறிஞரைப் பற்றிப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: “மனைவி, அவளுடைய தோழி, பழைய காதலன், வேலையை விட்டு அனுப்பப்பட்ட வண்டிக்காரன் என்று நான்கு பேர் மேல் சந்தேகம் இருந்திருக்கிறது. தற்கொலை என்று சொல்பவர்களும் உண்டு. விஷங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது, இவர்களில் யார் என்று சொல்ல முடியுமா? இன்றைய அறிவியல் கண்டுபிடித்துவிடாதா?”

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாக முடிந்து கிடக்கின்றன. விஷம் எந்த நேரத்தில், எதில் கலந்து, எவ்வளவு உள்ளே போனது என்பது ஒன்று. கலந்தது யாருடைய கை என்பது இன்னொன்று. விஷச் சோதனைக்கு வரும் விசரா, அதாவது செத்தவரின் உள்ளுறுப்புகள், அடைத்த பாட்டில்களோடு இருபத்தேழு ஆண்டுகள் காலம் தள்ளியவன் நான். முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு ஆய்வகம் பாதி வழிதான் கூட வரும். மீதி வழியில் நானும் உங்களைப் போல ஒரு வாசகன்தான். எந்த இடத்தில் நான் தொழில்காரனாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறேன் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். புளோரன்ஸ் காம்ப்பெல் பணக்கார வீட்டுப் பெண். முதல் கணவர் ரிக்கார்டோ ராணுவ அதிகாரி, பெருங்குடிகாரர். 1871இல் அவர் இறந்தபோது நாற்பதாயிரம் பவுண்டு பணம் அவள் கைக்கு வந்தது. அதற்குள் மால்வர்ன் ஊரில் தண்ணீர் வைத்தியம் செய்து புகழ்பெற்ற டாக்டர் ஜேம்ஸ் கல்லியோடு நெருக்கம் ஏற்பட்டிருந்தது. டார்வினும் டென்னிசனும் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள். அவருக்கு அவளைவிட முப்பது வயதுக்கு மேல் அதிகம். மனைவியும் உயிரோடு இருந்தார். கரு உண்டாகி, அது கலைக்கப்பட்டு, உறவும் முடிவுக்கு வந்தது. அந்தச் சமயத்தில் படுக்கையருகில் இருந்து பார்த்துக்கொண்டவர் ஜேன் காக்ஸ் என்ற விதவை. சம்பளத்துக்கு வந்து தோழியாகவே ஆகிவிட்டவர். 1875 டிசம்பரில் புளோரன்ஸ் சார்ல்ஸ் பிராவோவை மணந்தாள். அவருக்கு வயது முப்பது. கல்லி விவகாரத்தை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மணந்தாள். தனக்கும் மெய்டன்ஹெட் ஊரில் ஒரு பெண்ணும் குழந்தையும் உண்டு என்று அவரும் ஒப்புக்கொண்டார். பால்ஹம் பகுதியில் ‘பிரையரி’ என்ற வெள்ளை மாளிகையில் குடித்தனம். நடந்துபோகும் தூரத்தில் கல்லியும் வீடு எடுத்து வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1876 ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை. அந்த மாதம்தான் புளோரன்ஸுக்கு இரண்டாவது முறையாகக் கரு கலைந்திருந்தது. அவள் காக்ஸோடு பெரிய படுக்கையறையில் தூங்க, சார்ல்ஸ் பக்கத்து அறையில் தனியாகப் படுத்தார். இரவு உணவில் அவர் பர்கண்டி என்ற சிவப்பு ஒயின் குடித்தார். பெண்கள் இருவரும் ஷெர்ரி என்ற வெளிர்நிற ஒயின். ஒன்பதரை மணி வாக்கில் தன் அறைக்குள் போனார். கால் மணி நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு, “புளோரன்ஸ்! வெந்நீர்!” என்று கத்தினார். ஜன்னல் வழியே வாந்தி எடுத்தார், சுருண்டு விழுந்தார். ஐம்பத்தைந்து மணி நேரம் துடித்து வெள்ளிக்கிழமை விடியற்காலையில் உயிர் போனது. பேராசிரியர் ரெட்வுட் பகுப்பாய்வு செய்து ஆண்டிமனி என்ற நச்சு உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதன் ‘டார்டார் எமெட்டிக்’ என்ற உப்பு, முப்பது நாற்பது கிரெயின் அளவில் உள்ளே போயிருக்க வேண்டும் என்று கணித்தார்கள்.

இங்கிருந்து என் தொழில். நாற்பது கிரெயின் என்றால் இரண்டரை கிராம் சொச்சம். டீஸ்பூனில் பாதிகூட வராது. நிறமில்லாத படிகம். நல்ல தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது இரண்டு டம்ளரை வைத்து, எதில் விஷம் என்று கேட்பேன். பெரும்பாலும் பயந்துபோய் நல்ல தண்ணீரைத்தான் காட்டுவார்கள். மணம் கிடையாது. லேசான இனிப்பும் பின்னால் உலோகக் கசப்பும் இருக்கும் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. தாகத்தோடு மடமடவென்று குடிப்பவன் அதைக் கவனிக்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

நேரம்தான் இதில் முக்கியம். பெயரிலேயே இருக்கிறபடி இது வாந்தி மருந்து. ஒன்றிரண்டு கிரெயினே வயிற்றைப் புரட்டிவிடும். இவ்வளவு பெரிய அளவு உள்ளே போனால் நிமிடக் கணக்கில் வேலையைக் காட்ட வேண்டும். சாப்பாடு ஏழரை மணிக்குத் தொடங்கியது. எட்டரை வாக்கில் பெண்கள் மாடிக்குப் போய்விட்டார்கள். சாப்பாட்டிலோ சாப்பாட்டு மேஜை ஒயினிலோ விஷம் இருந்திருந்தால் ஒன்பதே முக்கால் வரை அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. ஒயினுக்கு எதிராக இன்னொன்றும் சொல்லலாம். சிவப்பு ஒயினில் துவர்ப்புச் சத்து, அதாவது டானின், அதிகம். கடுக்காயில் தோலைப் பதப்படுத்துகிறதே, அதே சத்து. அது ஆண்டிமனியைப் பிடித்துக் கரையாத கசடாக அடியில் தள்ளிவிடும். அதனால்தான் அந்தக் காலத்து மருந்துக்கடைக்காரர்கள் ஆண்டிமனி ஒயின் தயாரிக்க ஷெர்ரியை எடுத்தார்கள். ஆண்டிமனி விஷத்துக்கு முறிவாகக் கெட்டியான தேநீரைக் கொடுத்ததும் இதே காரணத்தால். பர்கண்டியில் கலந்தார்கள் என்று எழுதுபவர்கள் இந்தச் சின்ன வேதியியலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மிச்சம் இருப்பது ஒரே பாத்திரம்: படுக்கையறையில் முகம் கழுவும் மேடைமேல் இருந்த தண்ணீர்க் குடுவை. படுக்கப் போகும்முன் டம்ளரில் ஊற்றாமல் குடுவையையே தூக்கி வாயில் வைத்துக் குடிப்பது சார்ல்ஸின் பழக்கம். விஷம் தண்ணீரில்தான் இருந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நேரம், கரையும் தன்மை, பழக்கம் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. வீட்டிலிருந்து எத்தனையோ பாட்டில்களைச் சோதித்தார்கள். அன்றிரவு அந்தக் குடுவையில் மிஞ்சியிருந்த தண்ணீரை மட்டும் யாரும் எடுத்து வைக்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் அனுபவத்திலும் ஒரு வழக்கு வந்தது. விசரா, சட்டை, தலையணை உறை எல்லாம் முத்திரையோடு வந்து சேர்ந்தன. செத்தவர் கடைசியாகக் காப்பி குடித்த டம்ளரை மட்டும், வீட்டுக்கு வந்தவர்களில் ஒரு புண்ணியவதி அலம்பிக் கவிழ்த்துவிட்டிருந்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. துக்க வீட்டில் கை சும்மா இருக்காது.

இப்போது ஆட்களுக்கு வருவோம். வண்டிக்காரர் ஜார்ஜ் கிரிஃபித்ஸை முதலில் இறக்கிவிடலாம். அவர் மேல் சந்தேகம் வந்ததற்கு நியாயம் உண்டு. குதிரைகளுக்கு வைத்தியம் செய்ய இதே டார்டார் எமெட்டிக்கை வாங்கி வைத்திருந்தவர். விபத்து ஒன்றைக் காரணம் காட்டிச் சார்ல்ஸ் வேலையிலிருந்து அனுப்பினார். பிராவோ சில மாதங்களுக்கு மேல் உயிரோடு இருக்கமாட்டார் என்று இவர் மதுக்கடையில் உளறியதற்குச் சாட்சியும் உண்டு. ஆனால் சம்பவத்தன்று அவர் கென்ட் கடற்கரையில் வேறு வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப் படுக்கையறைக் குடுவைக்கு அவர் கை எட்டாது. அவரால் நமக்குத் தெரிவது வேறு: விஷம் அந்த வீட்டு லாயத்திலேயே ஒரு காலத்தில் இருந்தது. மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன் என்றார். கொட்டியிருக்கலாம். நம் கிராமங்களில் தீர்ந்துபோன பூச்சிமருந்து டப்பாவில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று தெரிந்த எவனும் அந்த வாக்குமூலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டான்.

டாக்டர் கல்லியும் அப்படித்தான். ஊர் வாயில் அவர்தான் முதல் குற்றவாளி. பெண் விவகாரம் இருந்தால் போதுமே. காரணம் கனமாக இருக்கிறது, வாய்ப்பு பூஜ்யமாக இருக்கிறது. அந்த வீட்டுக்குள் அவர் அன்று கால் வைக்கவில்லை. தூக்கம் வராத புளோரன்ஸுக்காக ஒரு மருந்தை ‘விஷம்’ என்று எழுதிய பாட்டிலில் காக்ஸ் மூலம் கொடுத்தனுப்பியதைப் பெரிதாகப் பேசினார்கள். அது லாரல் இலைச் சாறு. ஆண்டிமனிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. (சார்ல்ஸைக் கடைசியில் வந்து பார்த்த பெரிய டாக்டரின் பெயர் சர் வில்லியம் கல். கல்லி வேறு, கல் வேறு. தமிழில் எழுதும்போது குழப்பம் வரும்.)

ஜேன் காக்ஸ் விஷயத்தில்தான் நிதானமாக நிற்க வேண்டும். சார்ல்ஸ் வீட்டுச் செலவைக் குறைக்க நினைத்தவர்; இந்த அம்மாளுக்கு ஆகும் செலவு கண்ணை உறுத்தியது. மூன்று மகன்களைப் படிக்கவைக்க வேண்டிய விதவைக்கு அந்த வேலை போவது சின்ன விஷயம் கிடையாது. சார்ல்ஸ் கத்தியபோது புளோரன்ஸின் படுக்கையருகில் விழித்து உட்கார்ந்திருந்தும், வேலைக்காரப் பெண் மேரி ஆன் கீபர் உள்ளே வந்து சொன்ன பிறகுதான் எழுந்து போனார். அதைவிடப் பெரிய இடறல் பின்னால் வருகிறது. தூரத்திலிருந்து தான் ஆள் அனுப்பி வரவழைத்த டாக்டர் ஹாரிசனிடம், அவர் குளோரோஃபார்ம் சாப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன் என்றார். சில மணி நேரம் கழித்து, சார்ல்ஸின் உறவினரான டாக்டர் ராய்ஸ் பெல்லிடம், “விஷம் சாப்பிட்டுவிட்டேன், புளோரன்ஸிடம் சொல்லாதே” என்று சார்ல்ஸே தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். பிறகு இரண்டாவது மரண விசாரணையில் அந்த வாக்கியத்தில் ‘கல்லிக்காக’ என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. நேரம் போகப்போக வளரும் வாக்குமூலம் எதையோ மறைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் எதை மறைக்கிறது? தன்னையா, தன் எஜமானியையா, அந்த வீட்டு மானத்தையா? மூன்றுக்கும் அதே வாக்குமூலம் பொருந்தும். இன்னொரு பக்கமும் உண்டு: கடுகு கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைத்ததும் டாக்டருக்கு ஆள் அனுப்பியதும் இதே காக்ஸ்தான். கொலைகாரி செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். விஷம் கொடுத்தவர்களே விழுந்து விழுந்து பணிவிடை செய்த வழக்குகளைப் பார்த்திருப்பதால், அதை எந்தப் பக்கமும் எடைக்கல்லாக நான் வைப்பதில்லை.

புளோரன்ஸுக்கு வாய்ப்பு எல்லாரையும்விட அதிகம். அறை பக்கத்து அறை, குடுவை கைக்கெட்டும் தூரம். காரணமும் இருக்கிறது. மணத்துக்கு முன் வீடும் தட்டுமுட்டுச் சாமானும் தன் பெயருக்கு வந்தால்தான் ஆயிற்று என்று சார்ல்ஸ் அடம்பிடித்தார். தனக்குச் சொந்தமில்லாத நாற்காலியில் உட்காரமாட்டாராம். நான்கு மாதத்தில் இரண்டு கருச்சிதைவு. உடம்பு தேறும் முன்பே கணவர் பழைய படுக்கைக்குத் திரும்ப நினைக்கிறார். அன்றிரவும் அவள் மேலும் ஒயின் கேட்டனுப்பியதற்காக மாடிக்கு வந்து கடிந்துகொண்டார். ஆனால் எழுப்பப்பட்டவுடன் தூரத்து டாக்டருக்காகக் காத்திராமல் பக்கத்திலிருந்த டாக்டர் மூரை அழைத்துவரச் சொன்னவள் அவள். சர் வில்லியம் கல்லை வரவழைத்ததும் அவள்தான். விஷம் என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய இங்கிலாந்தின் முதல்தர மருத்துவரை, விஷம் வைத்தவள் தானே கூப்பிடுவாளா? நான் மேலே சொன்னதையே இங்கே எனக்கு எதிராகத் திருப்பலாம், திருப்பத்தான் வேண்டும். ஆனாலும் இது கடுகுத் தண்ணீரைப் போன்ற பணிவிடை கிடையாது. தனக்கே ஆபத்தை இழுத்துவரும் காரியம். கொஞ்சம் எடை கொடுக்கிறேன்.

கடைசியாகச் சார்ல்ஸ். தற்கொலைக்கு இவ்வளவு கொடிய வேதனை தரும் மருந்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் அபூர்வம். வெந்நீர் கேட்டுக் கத்தியவர் வாந்தி எடுத்துப் பிழைக்கப் பார்த்தவர். ஆனால் ஒரு விஷயம் எல்லா டாக்டர்களுக்கும் விசித்திரமாகப் பட்டது: உனக்கு விஷம் ஏறியிருக்கிறது, எப்படி என்று சொல் என்று திரும்பத் திரும்பக் கேட்டபோதும், ஈறு வலிக்கு லாடனம் (அபினிக் கரைசல்) தடவினேன், அவ்வளவுதான் என்றார். கோபமோ யார்மீதும் சந்தேகமோ அவர் வாயிலிருந்து வரவில்லை. மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி தன் வீட்டாரிடம் சொன்னார். இதை வைத்துத்தான், புளோரன்ஸின் குடியை நிறுத்த அவள் ஒயினில் ரகசியமாக வாந்தி மருந்தைக் கலந்துவந்தவர் அன்று தானே தவறுதலாக விழுங்கிவிட்டார் என்று சிலர் வாதிட்டார்கள். கேட்க அழகான வாதம். ஆனால் அறையில் ஒரு பொட்டலமோ, தாளோ, சீசாவோ கிடைக்கவில்லை. வலியில் சுருண்டு கிடந்தவர் எழுந்துபோய் அதை ஒளித்துவைத்தார் என்று நம்பச் சொன்னால், எனக்கு முடியவில்லை.

தீர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மரண விசாரணை பிரையரி மாளிகையிலேயே நடந்தது. ஜூரிகளுக்குச் சிற்றுண்டி வைத்து உபசாரம் செய்தார்கள். புளோரன்ஸ் விசாரிக்கப்படவே இல்லை. ஊர் கொதித்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஜூலை 11 அன்று பெட்ஃபோர்டு ஹோட்டலில் இரண்டாவது விசாரணை தொடங்கி இருபத்துமூன்று நாட்கள் நடந்தது. அந்த நாட்களில் பெரும்பகுதி புளோரன்ஸ் கல்லியோடு என்ன செய்தாள் என்று தோண்டுவதற்கே போனது. குடுவைக்கு என்ன ஆயிற்று என்று அந்த வேகத்தில் கேட்டிருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும். ஆகஸ்ட் 11 அன்று ஜூரிகள், இது திட்டமிட்ட கொலை, ஆனால் இன்னார் என்று குறிக்கச் சாட்சியம் போதாது என்றார்கள். பிற்பாதி சரி. முற்பாதியைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. முப்பது கிரெயினைக் குடுவையில் போட்டவருக்கு அது கொல்லும் அளவு என்று தெரிந்திருந்ததா? வாந்தி மருந்து என்ற அளவில் மட்டும் அறிந்து, நாலு நாள் அவர் படுக்கையில் கிடந்தால் போதும் என்று கணக்கில்லாமல் அள்ளிப் போட்டிருக்கலாம். எவ்வளவு போட்டார்கள் என்பது பகுப்பாய்வில் தெரியும். எதற்காக என்பது தெரியாது.

ஆக, கேட்டவருக்கு என் கணக்கு. விஷம் ஆண்டிமனி, உறுதி. அறைக்குள் போன பிறகுதான் உள்ளே போனது, ஏறக்குறைய உறுதி. தண்ணீரில் கலந்திருந்தது, மிகவும் சாத்தியம். கலந்தது மாடியில் இருந்த இரண்டு பெண்களில் ஒருவர் என்று நினைக்கிறேன். இந்த இடத்தில் நான் தொழில்காரன் என்ற சட்டையைக் கழற்றிவிட்டேன். கட்டாயப்படுத்தினால் புளோரன்ஸின் பக்கம் சாய்வேன்: கொல்ல நினைத்தவளாக அல்லாமல், கணவனைச் சில நாள் விலக்கிவைக்க நினைத்தவளாக. காக்ஸ் அதைப் பிற்பாடு ஊகித்துக்கொண்டு மூடி மறைத்தவராக. நாளை ஒருவர் காக்ஸே செய்தார் என்று வாதிட்டால் அவரை மறுக்க என்னிடம் ஒரு துளி தண்ணீரும் கிடையாது. புளோரன்ஸ் இரண்டே ஆண்டுகளில், 1878இல், குடித்துக் குடித்தே இறந்தாள். குற்ற உணர்ச்சிக்கு அதுவே சாட்சி என்பவர்களிடம், அவள் மணத்துக்கு முன்பிருந்தே குடித்தவள் என்பதை நினைவூட்டுவேன்.

இன்றைய அறிவியல் பற்றிய கேள்விக்கு: யார் என்பதை அதுவும் சொல்லாது. ஆனால் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். அதே ஆண்டு மார்ச் மாதம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் சார்ல்ஸ் திடீரென்று வாந்தி எடுத்தார். குடித்துவிட்டு வருகிறான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்களே என்று கூசிப்போனாராம். அதுவும் ஆண்டிமனியா? தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். உள்ளே போன உலோகத்தை வளர்ந்த வரிசையிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். சார்ல்ஸின் உடல் வெஸ்ட் நார்வுட் கல்லறையில் இருக்கிறது. முடி மிஞ்சியிருந்து, மண்ணிலிருந்தும் சவப்பெட்டி உலோகத்திலிருந்தும் ஊறிய கலப்படத்தைக் கழித்துவிட முடிந்தால், வேரிலிருந்து ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் ஏப்ரல் 18 முதல் தடவை அல்ல என்றாகும். வண்டிக்காரர், தற்கொலை, தவறுதலாக விழுங்கியது மூன்றும் இன்னும் பின்னால் போகும். புளோரன்ஸின் முடி ஒரு கற்றை எந்த லாக்கெட்டிலாவது மிஞ்சியிருந்தால் அதையும் கேட்டு வாங்குவேன். சார்ல்ஸ் அவளுக்கு ரகசியமாக வாந்தி மருந்து கொடுத்துவந்தார் என்ற வாதம் நிற்குமா விழுமா என்பதற்கு அந்தக் கற்றையைத் தவிர வேறு சோதனை எனக்குத் தோன்றவில்லை.